பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய துன் சம்பந்தன்

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பாட்டாளிக்கு வேலை போனது, லயத்து வீடு போனது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அநாதையாயின. பந்திங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்குத் 'துண்டாடல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919-இல் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பணக்காரர்களின் நன்கொடையை நம்பி அல்ல. தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடமே மாதம் பத்து வெள்ளி கேட்டார். நாள் சம்பளம் மூன்று வெள்ளியை ஒட்டியிருந்த காலம் அது; பத்து வெள்ளி என்றால் மூன்று நாள் உழைப்பு. கேட்டவர் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள்?

அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். அதைத் துண்டு போடாமல் முழுசாகவே நடத்தினார்கள். வேலை நிலைத்தது, வெட்டுகிறவரே பங்குதாரர். அதனால் அவர் பணக்காரராகிவிடவில்லை, ஆனால் லயத்தைக் காலி செய்யச் சொல்ல ஆளில்லை. அடுத்தடுத்து மற்றத் தோட்டங்களும் வந்தன.

சொந்தக் கணக்கில் மட்டும் சம்பந்தன் கெட்டிக்கார வியாபாரி அல்ல. அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்க்கையில் கரைந்தது. சங்கத்தின் தலைவராக இருந்தபோதே 1979 மே 18-இல் காலமானார். பிரிக்ஃபீல்ட்ஸ் பெருஞ்சாலைக்கும் கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடத்துக்கும் இன்று அவர் பெயர்தான்.