மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த நோபல் விருந்தாளி!

கள்ளிக்குப்பத்துல பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்களா? அதுக்குள்ள இதைப் படிச்சிடலாம். ஸ்கூல் புக்ல பார்த்த நீல்ஸ் போர் நம்ம சென்னைக்கு வந்திருக்கார், தெரியுமா?

1885-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். 37 வயசுல நோபல். 1943-ல் நாஜிகளிடமிருந்து தப்பி, படகில் ஸ்வீடன் போனார்.

இரண்டு அணுக்கருக்கள் நெருங்கினா, ரெண்டுமே பாசிட்டிவ் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையைத் தாண்டி ரொம்பப் பக்கத்துல வந்துட்டா, அணுக்கரு விசை இழுத்துப் பிடிச்சுக்கும். நீர்த்துளிகள் ஒண்ணு சேர்ற மாதிரி. இப்படி உருவாகும் கூட்டு அணுக்கரு, தான் எப்படிப் பிறந்தோம்ங்கிறதையே மறந்துடும். இந்தக் கருத்தை 1936-ல் தந்தவர் போர்.

1960 ஜனவரியில் சென்னை வந்தவர், மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணனின் மாணவர்களைச் சந்தித்தார். அவங்களுக்குன்னு தனி நிறுவனம் கிடையாது. பேராசிரியர் வீடுதான் வகுப்பறை. அசந்துபோன போர், பத்திரிகையாளர்களிடமும் அவர்களைப் பாராட்டினார். அதுக்கப்புறம் அமைச்சர் சி.சுப்பிரமணியம், பிரதமர் நேரு ஆதரவும் சேர, 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அதே வருஷம் நவம்பரில் போர் மறைந்தார்.

1981-ல் ஜெர்மனியில் பிஸ்மத் மீது குரோமியத்தை மோதவிட்டு, இணைத்து, 107-ம் தனிமத்தை உருவாக்கினாங்க. அதுக்கு வெச்ச பேரு? போரியம்! தரமணி பக்கம் போனா, அந்த நிறுவனத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.