எண்ணம் படையான கதை: நேதாஜியும் ஜான்சி ராணிப் படையும்

நேதாஜி என்றதும் நம் கண்முன் தோன்றுவது இராணுவச் சீருடையில் நிற்கும் கம்பீரத் தோற்றம்தான். சுங்கை வேயில் வளர்ந்த நானும் அவரைச் சுவரில் மாட்டிய படமாகவே முதலில் அறிந்தேன். ஒரு புதிய எண்ணத்தைச் செயலாக்கிய அமைப்பாளராக அவரை இங்குக் காண்போம்.

சுபாஷ் சந்திர போஸ் 1897 சனவரி 23ஆம் நாள் ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். ஐ.சி.எஸ். தேர்வில் தேறியும் 1921இல் அதைத் துறந்து விடுதலைப் போரில் இறங்கினார். 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பெண் தொண்டர்களையும் சீருடையில் அணிவகுக்கச் செய்தார். பின்னாளில் மலாயாவில் விளைந்த பயிருக்கு அதுவே வித்து எனலாம்.

1943 சூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தவர், 9ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் பெண்கள் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அதோடு நின்றிருந்தால் அது வெறும் மேடைப் பேச்சாகியிருக்கும். மூன்றே நாளில், சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் சுமார் 20 பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினர். கண்ணால் கண்ட பின் ஐயம் கொண்டவர்களும் யோசித்தனர். ஜப்பானியர் இத்திட்டத்தை விரும்பவில்லை. ஆயினும் அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

தலைவி, முகாம், சீருடை, பதவிப் படிநிலை, அன்றாடப் பயிற்சி என ஒவ்வொன்றாக அமைந்ததால்தான் எண்ணம் படையாயிற்று. கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற வசதியான வீட்டுப் பெண்களும், பால்மரம் வெட்டிய தோட்டத்துப் பெண்களும் ஒன்றாகப் பயின்றனர். பின்னர் பர்மா சென்று மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களைப் பேணினர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, நேதாஜி அப்பெண்களைக் கைவிடாமல் அவர்களோடு நடந்தே வந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் தைப்பேயில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். படையும் கலைந்தது. அதைத் தொடர்ந்து நடத்த ஓர் அமைப்பு இல்லை. இந்திய இராணுவம் மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க 1992 வரை ஆயிற்று. நிரந்தரப் பதவிக்கு 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

நேதாஜி விதைத்தார், வளர்த்தார். ஆனால், அவருக்குப் பின் நீரூற்ற ஆளில்லை. ஜானகியோ முகாமில் பெற்ற துணிவை மலாயாவின் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்து, 1946இல் ம.இ.கா. உருவானபோது அதில் பங்காற்றினார்.

இன்று நம் மாணவிகள் பலாபெஸ் சீருடையில் அணிவகுக்கின்றனர். மாணவ நண்பர்களே, நம் கழகங்களிலும் ஆண்டுதோறும் புதிய திட்டங்கள் பிறக்கின்றன. தொடங்கியவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அவை நிலைக்க வேண்டுமெனில், அடுத்தவரை இன்றே பழக்குவோம்.