ஜி. டி. நாயுடு

ஏலகிரி மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 14 உள்ளன. அவற்றுள் பல, தமிழ்ப் புலவர், வள்ளல் ஆகியோரின் பெயர் தாங்கி நிற்கின்றன. அவ்வளவு உயரத்திற்கு ஏறும் பெட்ரோல் வண்டியை இயக்குவது ஒரு சிறு தீப்பொறியே. ‘பிளக்’ என்னும் உறுப்பின் இருமுனைகளுக்கு இடையே அப்பொறி தாவுகின்றது. அவ்விடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அது மிகச் சுருங்கினால் பொறி நலிந்து, எரிபொருள் செவ்வனே பற்றாது. மிக விரிந்தால் பொறி தாவாது தவறும். ஏரியில் ஓடும் எந்திரப் படகிற்கும் இஃது ஒக்கும். இத்தகைய நுட்பங்களைப் பள்ளியிற் பயிலாது, தம் கைகளாலேயே பயின்றவர் ஜி. டி. நாயுடு.

இவர் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் இவர் மனம் செல்லவில்லை. இளமையில் ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் வண்டி ஓடிய விந்தை இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கும் பொருட்டுக் கோவையில் உணவு விடுதி ஒன்றில் பணியாளாகச் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி உலா வருவதோடு அமைந்தாரா? இல்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். மீண்டும் பூட்ட இயலாது போயின், பல நாள் உழைப்பும் பாழாகும். எனினும் அறியும் வேட்கை அச்சத்தை வென்றது. ஒவ்வோர் உறுப்பின் தொழிலையும் ஆராய்ந்து மறுபடியும் பூட்டினார். அவ்வண்டியே இவருக்குப் பள்ளியாயிற்று.

1920இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொன்றே பெருகி யூ. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937இல், பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி, இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினார். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்குக் காரணராயினார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு மிகை என்றும், கைப்பயிற்சியோடு கற்பின் இரண்டாண்டே போதும் என்றும் வாதிட்டார். அரசு அதற்கு இசையாமையால் கல்லூரிப் பொறுப்பினின்றும் விலகினார்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் இவர் மறைந்தார். சிறு பழுதையும் சிறிதென்று இகழாது, அதன் காரணத்தைத் தேடிக் காண்பதே அறிவு வளரும் வழி என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.