பேராயர் ஜான் ரிச்சர்ட்சனும் அவரை ஆக்கிய உறவுகளும்

ஒருவன் யாரோடு பழகுகிறானோ அவரைப் போல் ஆகிறான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. திருவள்ளுவப் பெருந்தகையார் பெரியாரைத் துணைக்கொள்ளுதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்தே சிற்றினம் சேராமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கடல் கடந்து இத்தீவுகளில் குடியேறி வாழும் நமக்கு இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. மாலை வேளையில் குடியிருப்பின் வாயிலில் நின்று, நம் பிள்ளை யாரோடு விளையாடுகிறான் என்று பாராத தாய் நம்மிடையே உண்டோ? பாட்டனும் பாட்டியும் மாமனும் அத்தையும் தாயகத்தில் இருக்க, இங்கே பிள்ளைகளை உருவாக்குவோர் யாவர் என்னும் கவலை நம் எல்லோர்க்கும் பொது. அக்கவலைக்கு விடை தரும் வரலாறு ஒன்று இத்தீவுக் கூட்டத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. அதனை ஆண்டு விழா மலரில் எழுதுவதில் பெருமகிழ்ச்சி கொள்கிறோம்.

போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் வழங்கிய இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திற்குத் தெற்கே, ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் கார் நிக்கோபார் உள்ளது. மலையில்லாத சமநிலம், எங்கு நோக்கினும் தென்னை. அத்தீவின் வடபுறத்தில் உள்ள மூஸ் என்னும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஒரு நிக்கோபார்க் குழந்தை பிறந்தது. பெற்றோர் வழங்கிய பெயர் ஹா செவ் கா. பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் என்று நாடறிந்த பெரியார் அவரே.

கார் நிக்கோபார் மக்களின் வாழ்வுக்கு ஆணிவேர் ‘துஹேத்’ எனப்படும் பெருங்குடும்பம். நிலமும் தென்னையும் பன்றியும் தனி ஒருவருடையன அல்ல, துஹேத்துக்கு உரியன. விருந்தாயினும் துக்கமாயினும் அனைவரும் கூடியே நடத்துவர். முதியோர் சொல்லுக்கு இளையோர் பணிவர். நம் பழைய கூட்டுக் குடும்பத்தை நினைவூட்டும் இவ்வமைப்பில் பிறந்த சிறுவனுக்கு, பிறர் துன்பம் தன் துன்பம் என்னும் பாடம் யாரும் புகட்டாமலே வந்து சேர்ந்தது. அவரை ஆக்கிய முதல் கை குடும்பத்தின் கை.

இரண்டாவது கை ஒரு தமிழருடையது. வேதப்பன் சாலமன் என்னும் அவர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? சென்னை மாகாணத்திலிருந்து அந்தமானுக்கு வந்து, கிறித்தவ உபதேசியாராய்ப் பணிபுரிந்து, 1890-களில் மூஸ் ஊருக்கு அனுப்பப்பட்டவர் சாலமன். அவர் ஏற்ற பொறுப்புகள் பல. பள்ளி நடத்தினார், அரசின் முகவராய் வணிகக் கப்பல்களைக் கண்காணித்தார், வானிலைக் குறிப்புகள் எடுத்தார், தீவு மக்களின் வாழ்க்கையைப் பற்றி நாட்குறிப்பு எழுதி வைத்தார். அக்குறிப்புகள் பின்னாளில் ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாயின.

கப்பல் எப்பொழுது வரும் என்ற நிச்சயம் இல்லை. அந்நிலையில் ஊர்ப் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாய்க் கொண்டு அவர் எழுத்தறிவித்தார். அம்மாணவர் கூட்டத்தில் ஒருவரே ஹா செவ் கா. பின்னர் திருமுழுக்குப் பெற்று ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்ட பெரியோர் அவரைப் பர்மாவின் மாண்டலே நகரத்துத் திருச்சபைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தனர். தென்னந்தோப்பைத் தவிர வேறொன்றும் காணாத இளைஞர், பகோடாக்களும் அரண்மனையும் நிறைந்த பெருநகரத்தில் பல இனத்துத் தோழர்களோடு கூடி வாழ்ந்தார், ஆங்கிலம் கற்றார், உலகம் எத்துணைப் பெரிது என்பதை உணர்ந்தார்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி பெற்ற பின் வெளியூரிலேயே தங்கிவிடுதல் எளிது. சம்பளமும் வசதியும் அங்கே உண்டு. ரிச்சர்ட்சனோ 1912-ஆம் ஆண்டில் ஊர் திரும்பி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். அப்பொழுது சாலமன் உயிரோடு இல்லை. ஆசிரியர் விட்டுச் சென்ற பணியை மாணவர் ஏற்றார். எவ்வாறு வாழ வேண்டும் என்பதைச் சாலமன் சொல்லிக் கொடுத்ததினும் வாழ்ந்து காட்டியதே மிகுதி என்று நாம் கருதுகிறோம். வேற்று நாட்டார் ஒருவர் தம் ஊர்க்காக உழைத்ததைக் கண்ணாரக் கண்டவர், தாமே அவ்வூரைக் கைவிட்டுப் போவாரோ?

பிறந்த குடியின் பேச்சை ரிச்சர்ட்சன் ஒருநாளும் இகழ்ந்தாரில்லை. எழுத்து வடிவம் நிலைபெறாதிருந்த அம்மொழியில் வழிபாட்டு நூலையும், புதிய ஏற்பாட்டையும், பின்னாளில் விவிலியம் முழுவதையும் ஆக்கித் தரும் பெரும்பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அங்குப் பணிபுரிந்த ஜார்ஜ் ஒயிட்ஹெட் பாதிரியார் தொகுத்த கார் நிக்கோபார் அகராதி 1925-ல் ரங்கூனில் வெளிவந்தது. மொழியை மதிக்கும் அத்தகையோர் சூழல் ரிச்சர்ட்சனின் ஆர்வத்தை வளர்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இளைஞர்க்குக் கால்பந்து முதலிய விளையாட்டுகளைப் பழக்கி, ஊருக்கு ஊர் நட்பு வளரவும் வழி செய்தார்.

பொன்னைச் சுட்டுப் பார்ப்பது போல் அவரைச் சோதித்தது இரண்டாம் உலகப் போர். 1942-ல் ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றியது. விமானத்தளம் அமைக்கக் கார் நிக்கோபார் மக்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். போரின் இறுதியாண்டாகிய 1945-ல், ஆங்கிலேயர்க்கு ஒற்று வேலை செய்ததாகச் சந்தேகித்துப் பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர், பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். அவர் குடும்பமும் அக்கொடுமைக்குத் தப்பவில்லை. போர் முடிந்தமையால் அவர் உயிர் பிழைத்தார்.

மீண்டு வந்தவரிடம் பழிவாங்கும் எண்ணம் மூண்டிருந்தால் யார் குறை கூறியிருக்க முடியும்? அவரோ கண்ணீரோடு நின்ற துஹேத்துகளைத் தேற்றி, சிதறிய ஊர்களை ஒன்று சேர்க்கும் பணியில் இறங்கினார். துன்பத்தில் உடனிருந்தவரை மக்கள் தம் தலைவராய்க் கொண்டனர். போருக்கு முன் சிறு குழுவாய் இருந்த அவருடைய சபையில், போருக்குப் பின் தீவினர் பெரும்பாலோர் சேர்ந்தனர்.

1950-ல் அவர் பேராயராய்த் திருநிலைப்படுத்தப்பட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைக்கு, 1952-ல், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் உறுப்பினராய் நியமிக்கப்பட்டுத் தில்லி சென்றார். 1965-ல் பத்மஸ்ரீ விருதும், 1975-ல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1978-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இயற்கை எய்தினார். கார் நிக்கோபாரில் உள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவின் கரையோர ஊர்களை அழித்தபொழுது, எஞ்சியோரை மறுபடி ஒன்றுகூட்டியது அவரைப் பெற்றெடுத்த அதே துஹேத் முறையே.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? குடும்பம் நிக்கோபார் மகனுக்கு வேர் தந்தது. தமிழ் ஆசிரியர் ஒளி தந்தார். மாண்டலே தோழமை விரிந்த வானம் தந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் நாம் அறிந்த ரிச்சர்ட்சன் இரார். சாலமன் தம் மாணவனைத் தமிழனாக்க முயலவில்லை. அவன் குடிக்கே அவனைத் திருப்பித் தந்தார். அதனாலேயே அவர் உழைப்பு ஒரு தீவு முழுவதற்கும் பயன்பட்டது.

நம் நிலையை ஈண்டு எண்ணுவோமாக. பிழைப்பு நாடி வந்தோரும், இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோரும் ஆகிய நாம், நம் பிள்ளைகளை நம்மவர் வட்டத்திற்குள்ளேயே வளர்க்க விரும்புகிறோம். தமிழ் மறவாதிருக்க அது வேண்டுவதே. ஆயினும் அண்டை வீட்டில் வங்காளியும் ராஞ்சியாரும் தெலுங்கரும் நிக்கோபாரியரும் இருக்கின்றனர். நம் பிள்ளை யாரோடு பழகுகிறான் என்று கேட்கும் நாம், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு நாம் எத்தகைய துணை என்றும் கேட்டுக் கொள்ளுதல் நன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட முன்னாளில், மூஸ் கரையில் நின்ற ஒரு தமிழர் அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாய்த் தந்தார். அவர் பெயரையும் அவர் வளர்த்த பெருமகனார் பெயரையும் இன்றிரவு நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.