வாகனங்கள்: சாண்டோ சின்னப்பா தேவர்

கோவை இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்த சின்னப்பா தேவர், வறுமையால் பள்ளிக் கல்வியை இளமையிலேயே துறந்து ஆலைத் தொழிலாளியானவர். உடற்பயிற்சியில் அவர் கொண்ட ஈடுபாடு, ஐரோப்பிய வலியர் சாண்டோவின் பெயரை அவருக்கு அடைமொழியாக்கிற்று. அக்காலக் கோவைப் படப்பிடிப்பு நிலையங்களில் சிறு வேடங்கள் ஏற்றபோது எம்.ஜி.ஆரின் நட்பு வாய்த்தது. பின்னாளில் அவரைக் கதைத்தலைவராக்கி 16 படங்கள் எடுத்தார். வருவாயில் ஒரு பகுதியை முருகன் கோயில்களுக்கு ஒதுக்கினார். மருதமலைத் திருப்பணிகளில் அவர் பங்கு பெரிது. இவை பலரும் அறிந்தவை. விலங்குகளோடு அவருக்கிருந்த உறவே ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டுவது.

1956இல் வெளிவந்த அவருடைய முதற் படமான 'தாய்க்குப்பின் தாரம்' காளையோடு தொடங்கிற்று. பசுவுக்குக் 'கோமாதா என் குலமாதா', பாம்புக்கு 'வெள்ளிக்கிழமை விரதம்', ஆட்டுக்கு 'ஆட்டுக்கார அலமேலு' என அவ்வரிசை நீண்டது. யானையை வைத்து 1967இல் எடுத்த 'தெய்வச்செயல்' தோற்றது. அவர் தளரவில்லை. அக்கதையையே 1971இல் ராஜேஷ் கன்னாவைக் கொண்டு 'ஹாத்தி மேரே சாத்தி' என இந்தியில் எடுத்து நாடெங்கும் வெற்றி கண்டார். மறு ஆண்டே அது 'நல்ல நேரம்' என்று தமிழுக்குத் திரும்பிற்று.

அந்த இந்திப் படத்தின் கதையைச் சற்றே நின்று நோக்கலாம். பெற்றோரை இழந்த ஒருவனுக்கு நான்கு யானைகளே சுற்றம். தெருவில் வித்தை காட்டி அவை அவனுக்குச் சோறு தேடித் தருகின்றன. செல்வம் வந்ததும் அவன் விலங்குக் காட்சிச்சாலை ஒன்று அமைத்து, அன்புலகம் என்னும் பொருள்படப் பெயரிடுகிறான். குழந்தைக்குத் தீங்கு நேருமென அஞ்சும் மனைவி யானையை விலக்கச் சொல்கிறாள். இறுதியில் யானை தலைவனுக்காகக் குண்டேற்று மடிகிறது. அரங்கில் அழுதவருள் நானும் ஒருவன். இன்று எண்ணுகையில் அவ்வழுகை உறுத்துகிறது. உழைத்தும் உயிர் கொடுத்தும் தன்னை மெய்ப்பித்த யானைக்கே அங்கு அன்பு கிட்டுகிறது. எவர்க்கும் உதவாது தன் கூட்டத்தோடு காட்டில் திரியும் யானைக்கு அக்கதையில் இடமில்லை. பந்துதைக்கும் யானையைக் கண்டு கைதட்டினோம். ஆனைமலைக் காடுகளில் யானையைக் குழியில் வீழ்த்தி, கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கிய முறை கொங்கு நாட்டார் அறியாததன்று. ஆயினும் அரங்கிருளில் அதனை யார் நினைத்தார்?

தேவரை வெறும் வணிகர் என ஒதுக்குதல் நேர்மையாகாது. மயிலும் யானையும் ஆடும் முருகனுக்கு வாகனங்கள், சேவல் கொடி. இறைவனைச் சுமப்பதே விலங்குக்குப் பெருமை என்று நம்பிய பத்தர், மனிதனைச் சுமப்பதிலும் குறை காணாதிருந்தது வியப்பன்று. அந்நம்பிக்கை அவருடையது மட்டுமா? கிளியைக் கூண்டிலிட்டுக் கொஞ்சுவோரும் அன்பின் பெயரால்தானே அதனைச் செய்கின்றனர்!

தேவர் 1978இல் மறைந்தார். 'நல்ல நேரம்' வெளிவந்த 1972ஆம் ஆண்டிலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்திருந்தது. புலி, சிறுத்தை, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கலாகாது என்று மைய அரசு 1998இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. அப்பட்டியலில் யானை இடம்பெறவில்லை. கோயில் யானைகளுக்கென 2003இல் முதுமலையில் தொடங்கிய புத்துணர்வு முகாம், பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடந்தது. காட்டு யானைகள் அவற்றை நெருங்காதிருக்க, முகாமைச் சுற்றி மின்வேலியும் காவற் கோபுரங்களும் அமைத்தனர்.