பேராசிரியர் இயான் டொனால்டு

கருவிலுள்ள குழவி நன்கு வளர்கின்றதா என்பதைப் பன்னெடுங்காலம் மருத்துவர் தாய்வயிற்றின்மீது கைவைத்தே உய்த்துணர்ந்து வந்தனர். அவ்வூகத்தை அளவையாக்க வழிவகுத்தவர் இயான் டொனால்டு என்னும் பெரியார்.

இவர் 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிற் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் வான்படையிற் பணியாற்றுங்கால், எதிரொலியால் மறைபொருளை அறியும் முறையைத் தெரிந்துகொண்டார். 1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார். மறுவருடம், அறுத்தெடுத்த கட்டிகள் சிலவற்றை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். இரும்பின் வெடிப்பைக் காட்டும் ஒலிக்கருவி, நீர்க்கட்டியையும் திண்கட்டியையும் வேறுபிரித்துக் காட்டக் கண்டு மகிழ்ந்தார்.

டாம் பிரௌன் என்னும் பொறியாளரும் ஜான் மக்விகார் என்னும் மருத்துவரும் துணைநிற்க, 1958இல் தம் ஆராய்ச்சியை லான்செட் இதழில் வெளியிட்டார். தொடக்கத்தில் ஐயுற்றோர் பலர். ஆயினும், தீராப் புற்றுநோயெனக் கருதப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது நீர்க்கட்டியே என அக்கருவி காட்டிற்று. அவர் அறுவைச் சிகிச்சையால் உயிர் பிழைத்தார்.

பின்னர் ஜேம்ஸ் வில்லாக்ஸ் முதலிய உடனுழைப்பாளர், குழவியின் தலையகலத்தை அதே ஒலியால் பன்முறை அளந்து வரைபடத்திற் குறித்தனர். கோடு ஏறாது தளருமாயின், குழவி நலிவுற்றதென ஐயுற்று, காலந்தாழ்த்தாது காக்க வழி பிறந்தது.

இதயநோயால் பன்முறை அறுவைக்குள்ளாகியும் ஊக்கங் குன்றாத இப்பேராசிரியர் 1987இல் மறைந்தார். கொதிகலன் செய்வாரிடத்தும் கற்கக் கூசாத அவருடைய உள்ளம், கற்பார் யாவரும் போற்றற்குரியது.