இரண்டு வாரத்து வானத்தை நம்பிய துரை

தை மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மேகம் விலகி, காற்று அடங்கி, வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்தால் அப்பாயி லயத்து வாசலுக்கு வந்து நிற்பார். எதிர்மலையைப் பார்ப்பார். பள்ளத்து ஓடையைப் பார்ப்பார். பிறகு லீக்ஸ் பாத்திகளின் மேல் பழைய சாக்குகளை இழுத்துப் போடச் சொல்லுவார். மறுநாள் விடியும்போது பள்ளத்துத் தேயிலை உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும்.

நுவரெலியாவில் வெளிநாடுகளில் போலப் பனிமழை பெய்வதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே இலையின் மேலுள்ள ஈரம் உறைந்து போகிறது. வானிலை அறிக்கையில் இதைத் துகள் உறைபனி என்கிறார்கள். விடியற்காலையில் பார்க்க அழகாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். கருகிய மலையில் எடுக்கக் கொழுந்து இருக்காது. கொழுந்து இல்லாவிட்டால் பேர் விழாது. அந்த மாதச் சம்பளச் சீட்டில்தான் பனியின் கணக்கு முடியும்.

அப்பாயி பள்ளிக்கூடம் போனவரல்ல. நுவரெலியாவின் வானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு துரையின் வாழ்க்கையைப் பின்னாளில் படித்தபோது அடிக்கடி அவருடைய ஞாபகம்தான் வந்தது. அந்தத் துரையின் பெயர் சாமுவேல் பேக்கர். ஹோர்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு பேக்கர் நீர்வீழ்ச்சி தெரிந்திருக்கும்.

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தவர். செல்வந்த வணிகக் குடும்பம். ஜமேக்காவிலும் மொரீசியஸிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் எழுந்தவை. 1843இல் திருமணம் செய்த பின் மொரீசியஸில் சில காலம் இருந்தார். 1846இல் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். யானை வேட்டையில் பெயர் எடுத்தார். தாழ்நிலக் காடுகளில் அலைந்ததில் கடும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலேய நோயாளிகள் தங்கிச் செல்லும் இடமாக அது ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்தது.

இரண்டே வாரத்தில் பேக்கர் எழுந்து நடந்தார். இவ்வளவு நல்ல காற்றும் தண்ணீரும் உள்ள இடம் ஏன் வெறும் காடும் புல்லுமாகக் கிடக்கிறது என்ற கேள்வி அவருக்கு வந்தது. மண் கறுப்பாக இருந்தது, குளிர் இங்கிலாந்தைப் போல இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் பயிர் இங்கே விளையும், இங்கிலாந்தின் மாடு இங்கே வளரும் என்று முடிவு செய்தார். நோயாளியின் உடம்புக்கு ஒத்துக்கொண்ட வானம் உருளைக்கிழங்குக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதே அவருடைய வானிலைக் கணிப்பு.

ஊருக்குத் திரும்பி ஆட்களைச் சேர்த்தார். 1848இல் கப்பல் ஒன்றில் குடும்பத்தினர், பண்ணை மேற்பார்வையாளர், வேலைக்காரர்கள், உயர்ரக மாடு, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள், கலப்பைகள், விதைகள் எல்லாம் புறப்பட்டன. கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் வழியிலேயே வண்டி உடைந்தது. கொண்டுவந்த பசு செத்தது. காடு வெட்டி ஓட்ஸ் விதைத்தார்கள், மரையும் காட்டுப்பன்றியும் வந்து தின்றன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஆடுகளும் மாடுகளும் நோயில் விழுந்தன. கறுப்பாக இருந்த மண்ணில் சத்து இல்லை. காலங்காலமாகப் பெய்த மழை சத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. இரண்டு வாரம் தங்கிய நோயாளிக்கு அந்த மழையின் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனாலும் அவர் உடனே ஓடிப்போகவில்லை. எரு போட்டு மண்ணைத் தேற்றினார். எந்த மாதத்தில் எந்தக் காற்று வருகிறது, எப்போது மழை விடுகிறது, எந்தக் காட்டில் எந்த மண் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார். அவர் வானிலை நிபுணரல்ல. பார்ப்பதில் ஆசை கொண்ட ஒரு நிலக்காரர். அந்தக் குறிப்புகளும் வேட்டைக் கதைகளும் சேர்ந்து இரண்டு புத்தகங்களாயின. இந்த மலையில் சுமை தூக்கியவர்களும் காடு வெட்டியவர்களும் அவற்றில் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வருகிறார்கள். வானத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துத் துரைகளுக்கு வரவில்லை.

1855இல் உடல்நலம் கெட்டு பேக்கர் இலங்கையை விட்டுப் போனார். அதே ஆண்டு டிசெம்பரில் மனைவி ஹென்றியெட்டா காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் சிலரை ஏற்கெனவே பறிகொடுத்திருந்தார். 1859இல், இன்று பல்கேரியாவில் இருக்கும் விடின் என்ற ஊரின் அடிமைச் சந்தையில் புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை மீட்டார். அதன்பின் சாகும்வரை இருவரும் பிரியவில்லை.

பேக்கரின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் நுவரெலியாவில் இல்லை, ஆபிரிக்காவில் இருக்கிறது. 1861 ஜூன் மாதம் அவரும் புளோரன்ஸும் சூடானில் அத்பரா ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். ஆறு என்று பெயர்தான், எங்கும் மணல், இடையிடையே குட்டைகள். தலைக்கு மேலே மேகம் இல்லை. ஒருநாள் இரவு இடி போன்ற சத்தம் கேட்டது. விடிந்தபோது அந்த மணல் முழுவதும் பெருவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தது அங்கே அல்ல, தொலைவில் உள்ள அபிசீனிய மலைகளில். அதன்பின் சுமார் ஓர் ஆண்டு அந்த மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஆண்டுதோறும் எகிப்தின் வயல்களுக்கு வெள்ளத்தையும் வண்டலையும் கொண்டு வருவது அபிசீனியாவின் மழையே என்று எழுதினார்.

தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து நுவரெலியாவில் கணித்தவர், ஆற்றின் மேற்பக்கம் பார்க்க அத்பராவில் கற்றுக்கொண்டார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 1864 மார்ச் 14ஆம் திகதி அல்பேர்ட் ஏரியை அடைந்தபோதும் அவர் கையில் வெப்பமானி இருந்தது. கொதிக்கும் நீரின் வெப்பநிலையைக் கொண்டு ஏரியின் உயரத்தைக் கணக்கிட்டார். 1866இல் சேர் பட்டம் வந்தது.

இத்தோடு நிறுத்தினால் அது பாராட்டுக் கட்டுரையாகிவிடும். 1869இல் எகிப்திய ஆட்சியாளர் அவரை ஒரு படையோடு தெற்கே அனுப்பினார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதோடு அந்த நிலத்தை எகிப்தோடு சேர்ப்பதும் அவர் வேலை. 1872இல் புன்யோரோ நாட்டின் தலைநகரான மசிண்டியில் சண்டை மூண்டது. ஊர் எரிக்கப்பட்டது. மக்களை விடுவிக்க வந்தவர் என்ற பெயரும் ஊரை எரித்தவர் என்ற பெயரும் அவருக்கே உரியவை. ஊர் எரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1893 டிசெம்பர் 30ஆம் திகதி, 72 வயதில், இங்கிலாந்தின் டெவனில் தன் வீட்டில் அவர் இறந்தார்.

கணிப்பு யாருக்கும் பிழைக்கலாம். பிழைத்தபோது பேக்கருக்கு வேறு நாடும் வேறு வாழ்க்கையும் கையில் பணமும் இருந்தன. அவருக்குப் பின்னால் கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று இந்த மலைகளில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அது இல்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சித்தப்பா குடும்பம் கிளிநொச்சிக்குப் போனது. மலையில் பனியைச் சரியாகச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. சோளகம் எது, கச்சான் எது, வாடை எப்போது திரும்பும் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டார். கேட்காமல் இருந்திருந்தால் முதல் மாரியிலேயே பட்டினிதான். பிறகு அந்தக் காணியையும் விட்டு ஓட வேண்டி வந்தது, திரும்பி வந்து மறுபடியும் தொடங்க வேண்டி வந்தது.

முன்கூட்டித் தெரிவதால் மட்டும் யாரும் தப்பிவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எழும்பிப் போவதற்கு அவர்களிடம் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை.

அப்பாயி இல்லாமல் பல வருடங்களாகிவிட்டன. இப்போது துகள் உறைபனி வரும் என்று வானிலை அவதான நிலையம் முதல் நாளே சொல்லிவிடுகிறது. ஆனால் எந்தப் பள்ளம் முதலில் வெளுக்கும், எந்த மலையில் கொழுந்து தப்பும் என்பதை அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் அறிவார்கள். பேக்கர் எட்டு வருடத்தில் பார்த்தது புத்தகமாக இருக்கிறது. எங்கள் லயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மலையோ வன்னியோ, வானத்தைப் பார்த்து அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு அது தோன்றியபோது கேட்பதற்கு அப்பாயி இல்லை.